கணக்கு யாருக்கு? இந்திய ஆட்சி வரலாற்றில் கையூட்டின் வேர்களும் தடுப்புமுறைகளும்

முன்னுரை

கையூட்டைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. கையூட்டு, கைக்கூலி ஆகிய இரண்டும் கையை அடியாகக் கொண்டவை. கொடுக்கும் கை ஒன்றும் வாங்கும் கை ஒன்றும் அச்சொற்களுக்குள் தெரிகின்றன. இலஞ்சம் என்பது தெலுங்கிலும் கன்னடத்திலும் சிறு வேறுபாட்டுடன் வழங்கும் சொல். இன்றைய பொதுவாழ்வில் மிகுதியாகப் பயிலும் 'ஊழல்' இவற்றினின்றும் வேறுபட்டது. ஊழ்த்தல் என்னும் வினைக்கு முதிர்தல், பதனழிதல் என்னும் பொருள்கள் உண்டு. இச்சொல்லில் கை இல்லை. ஒன்று உள்ளிருந்து கெட்டுப்போன நிலை மட்டுமே உண்டு.

இச்சொல் வேறுபாடு இரு வினாக்களைத் தோற்றுவிக்கிறது. 'வாங்கியவர் யார்?' என்பது முதல் வினா. 'எவ்வகை அமைப்பில் இது முதிர்ந்தது?' என்பது இரண்டாம் வினா. நாம் ஊழல் என்ற சொல்லைக் கையாண்டுகொண்டே பெரும்பாலும் முதல் வினாவை மட்டுமே கேட்கிறோம். தனிமனிதர் பேராசை, ஒழுக்கக்கேடு, அறக்கல்வியின்மை என்பன அவ்வினாவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள். அவை பொய்யல்ல, ஆயினும் போதியவையல்ல. பேராசை எல்லாக் காலத்தும் எல்லா இடத்தும் உள்ளது. ஊழலோ சில துறைகளில், சில காலங்களில், சில பதவிகளில் மட்டும் செறிந்து காணப்படுகிறது. அச்செறிவுக்கான காரணத்தை மனித இயல்பில் மட்டும் தேடுதல் பொருந்தாது.

இந்திய ஆட்சி வரலாற்றின் ஐந்து கட்டங்களைச் சான்றாகக் கொண்டு ஊழலின் வேர்களை இனங்காண்பது இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்பணத்தைக் கையாள்வோர் கணக்கை யாரிடம் காட்டக் கடமைப்பட்டிருந்தனர் என்ற ஒரே வினா ஐந்து கட்டங்களுக்கும் பொதுவான அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

அர்த்தசாத்திரம்: கருவூலத்தின் அச்சம்

தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழைத்தேய நூலகத்திற்கு அளித்த சுவடியிலிருந்து ஆர். சாமசாத்திரி 1909இல் பதிப்பித்த அர்த்தசாத்திரம், அரசுப்பணம் களவாடப்படும் முறைகள் நாற்பது என வகைப்படுத்துகிறது. வரவை முன்தேதியிட்டோ பின்தேதியிட்டோ எழுதுதல், வாங்கியதைக் குறைத்தும் கொடுத்ததைக் கூட்டியும் காட்டுதல், ஒருவர் பெயரில் வந்ததை மற்றொருவர் பெயரில் பதிதல் என்றவாறு அப்பட்டியல் விரிகிறது. இவற்றில் பெரும்பாலானவை ஏட்டில் நிகழ்பவை என்பது கருதத்தக்கது. களவு கணக்கின் வழியே நடைபெறுகிறது என்பதை அந்நூலாசிரியர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

அந்நூல் கூறும் தடுப்புமுறைகளும் அதற்கேற்றனவே. ஒவ்வொரு துறையிலும் தலைமை அலுவலர் பலர் இருத்தல் வேண்டும். அவர்கள் ஓரிடத்தில் நிலைத்திருத்தல் கூடாது. களவை அறிந்து உரைப்பவருக்கு மீட்கப்பட்ட தொகையில் ஆறிலொரு பங்கு உரியது. இவற்றைவிடச் சிறப்பான விதி ஒன்றும் அங்குண்டு. குற்றம் புரிந்த அலுவலரால் துன்புற்றோர் முன்வந்து முறையிடுக என நாட்டில் பறையறைவித்து, முறையிட்டோர்க்கு அவரவர் இழப்பிற்கேற்ப ஈடு தருதல் வேண்டும் என்பதே அது. கருவூலத்தைக் காக்க எழுந்த நூலாயினும், உண்மை தெரிந்த சாட்சி பாதிக்கப்பட்ட குடிமகனே என்னும் அறிவு அதில் இடம்பெற்றுள்ளது. எனினும் அக்குடிமகன் அழைக்கப்படுவது அரசன் ஐயுற்ற பின்னரே. அதற்கு முன் கணக்கைக் காணும் உரிமை அவனுக்கு இல்லை. கணக்கு மேலே, அரசனை நோக்கியே செல்கிறது.

உத்தரமேரூர்: சுற்றத்தையும் தொடரும் பொறுப்பு

காஞ்சிபுரம் மாவட்டம் உத்தரமேரூரிலுள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டும் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலின் சான்றுகளாகப் பெரிதும் பேசப்படுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து வாரியங்கள் அமைக்கப்பட்டன. இது மக்களாட்சியின் முன்வடிவம் என்று போற்றப்படும் அளவிற்கு, அக்கல்வெட்டின் தகுதியின்மை விதிகள் ஆராயப்படவில்லை.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவர் மட்டுமன்றி, தாய்வழி, தந்தைவழி, பெண்கொடுத்த வழி எனக் கல்வெட்டு விரித்துரைக்கும் உறவினர் பலரும் தகுதியிழக்கின்றனர். ஒருமுறை வாரியம் செய்தவர் மூன்றாண்டு கழிந்த பின்னரே மீண்டும் பெயரிடப்படலாம். கணக்கெழுதுவோன் தான் எழுதிய கணக்கைத் தானே காட்டித் தூயவன் என ஏற்கப்பட்ட பின்னரே மறுமுறை அப்பணிக்கு வரமுடியும்.

இவ்விதிகள் தனிமனிதர் ஒழுக்கத்தை மட்டும் நம்பி எழுந்தவை அல்ல. பதவி குறுகிய காலத்தது. திரும்பப் பெறுதல் அரிது. கணக்கு முடியாமல் வெளியேற இயலாது. ஒருவர் தவற்றின் பயனைச் சுற்றத்தார் வழியே தொடரவும் இயலாது. ஊழலுக்கு வேண்டிய நிலைத்த பதவி, மூடிய ஏடு, உறவுப்பிணைப்பு ஆகிய மூன்றையும் இவ்விதிகள் ஒருங்கே தாக்குகின்றன.

எனினும் இதன் எல்லையையும் மறைத்தல் கூடாது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. நிலத்தை உழுதவரும் ஏரியைத் தூர்வாரியவரும் பெண்களும் அவ்வவையின் கணக்கைக் கேட்கும் நிலையில் இல்லை. கணக்கு பக்கவாட்டில், ஒத்த நிலையினரிடையே காட்டப்பட்டது, கீழே இறங்கவில்லை. உள்ளவரையில் அது வலிமையான ஏற்பாடு. ஆனால் 'உள்ளவர்' என்ற சொல்லின் பரப்பு சிறிதாயிருந்தது.

கம்பெனி ஆட்சி: சிறிய ஊதியமும் பெரிய அதிகாரமும்

பதினெட்டாம் நூற்றாண்டில் பதவியே விலைப்பொருளாயிற்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு புதுச்சேரியில் துபாஷிப் பதவியைச் சுற்றி நிகழ்ந்த போட்டிகளையும், நஜர், வெகுமானம் என்ற பெயர்களில் பொருள் கைமாறிய விதங்களையும் பதிவுசெய்கிறது. வெகுமானம் மதிப்பைக் காட்டும் சொல். மதிப்பின் பெயரால் கொடுக்கப்பட்டது எந்தப் புள்ளியில் விலையாக மாறியது என்பதை அக்காலத்தவர் வரையறுக்கவில்லை. வரையறுக்க விரும்பவும் இல்லை.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்தவரின் ஆண்டு ஊதியம் 5 பவுன். அத்தொகையில் எவரும் வாழ்ந்துவிட முடியாது என்பதைக் கம்பெனி நன்கறியும். தனி வணிகம் செய்து ஈட்டிக்கொள்ளலாம் என்பதே எழுதப்படாத உடன்பாடு. வணிகக் கழகமாக இருந்தவரை இதன் தீங்கு ஓரளவிற்குட்பட்டிருந்தது. 1757இல் பிளாசிப் போருக்குப் பின்னும், 1765இல் வங்காளத்தின் திவானி உரிமை கிடைத்த பின்னும் அதே அலுவலர்கள் ஆட்சியாளர் ஆயினர். மீர் ஜாபரை அரியணையேற்றியதற்காக இராபர்ட் கிளைவ் பெற்ற அன்பளிப்பு 2,34,000 பவுன்; அதன்மேல் ஆண்டுதோறும் வருவாய் தரும் ஜாகிரும் அவருக்குக் கிடைத்தது. ஊதியம் வணிகனுக்குரியதாகவும் அதிகாரம் அரசனுக்குரியதாகவும் இருந்த அந்த இடைவெளியிலேயே கம்பெனிக் காலத்து ஊழல் வேரூன்றியது.

1770ஐ ஒட்டிய வங்காளப் பஞ்சத்திற்குப் பின் இலண்டன் விழித்தது. 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அன்பளிப்புப் பெறுவதைத் தடைசெய்தது. 1786இல் வந்த காரன்வாலிஸ் பிரபு தனி வணிகத்தை ஒழித்து, கலெக்டரின் ஊதியத்தை மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தி, வசூலில் ஒரு பங்கும் வழங்கினார். ஐரோப்பிய உயரலுவலரிடையே வெளிப்படையான கொள்ளை குறைந்தது உண்மை. தக்க ஊதியம் ஊழலைக் குறைக்கும் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டுவோர் உண்டு.

ஆனால் அச்சீர்திருத்தத்தின் மறுபக்கம் வேறு. உயர்பதவிகளிலிருந்து இந்தியர் விலக்கப்பட்டனர். 1793இல் வங்காளத்தில் அமர்த்தப்பட்ட காவல் தரோகாவுக்கு மாதம் 25 ரூபாயே ஊதியம். அவர் கீழிருந்த நிலப்பரப்போ பெரியது. மேல்தட்டின் நேர்மையை ஊதியத்தால் வாங்கிய அரசு, கீழ்த்தட்டின் நேர்மைக்குச் செலவிடவில்லை. ஊழல் ஒழியவில்லை, குடிமக்கள் அன்றாடம் சந்திக்கும் கீழ்நிலைக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் இதே ஆட்சியாளர்கள் இந்தியரின் இயல்பே நேர்மையின்மை என்று எழுதினர். அமைப்பின் குறை இனத்தின் குணமாகக் காட்டப்பட்டது.

1855: அறிக்கை ஒன்றின் சான்று

சென்னை மாகாணத்தில் நிலவரி தண்டலின்போது சித்திரவதை நிகழ்வதாக எழுந்த குற்றச்சாட்டை விசாரிக்க 1854இல் ஆணையம் ஒன்று அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். 1855இல் வெளிவந்த அறிக்கை, குற்றச்சாட்டு உண்மையென உறுதிசெய்தது. விரல்களை நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாளும் வரி தண்டுவதற்கு மட்டுமன்றி, கையூட்டுப் பறிப்பதற்கும் பயன்பட்டமை அவ்வறிக்கையால் தெரியவருகிறது.

இவ்வறிக்கை இக்கட்டுரைக்கு இரு வகையில் இன்றியமையாதது. முதலாவதாக, அதிகாரக் குவிப்பின் விளைவை அது காட்டுகிறது. தாசில்தார் ஒருவரே வரி தண்டுபவர். அவரே காவல்துறைத் தலைவர். எவரிடமிருந்து குடியானவன் காப்பு வேண்டினானோ அவரே அவனை வருத்துபவர். இரண்டாவதாக, முறையீட்டின் அருமையை அது காட்டுகிறது. கலெக்டர் அலுவலகத்திற்கு நெடுந்தொலைவு நடந்து, உழவை விட்டு, நாட்கணக்கில் காத்திருந்து முறையிட்டாலும் தீர்வு கிடைத்தல் அரிது. கார்ல் மார்க்ஸ் 1857இல் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் இவ்வறிக்கையை விரிவாக எடுத்துக்காட்டி எழுதினார்.

அறிக்கையின் விளைவாக 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் காவல் பணியை வருவாய்ப் பணியிலிருந்து பிரித்தது. அதே 1859இல் வெளிவந்தது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நீதிநூல். முன்சீப்பாகப் பணியாற்றிய அவர் கைக்கூலியைக் கடிந்து பாடினார். ஒன்று அமைப்பைத் திருத்த முயன்றது. மற்றொன்று மனத்தைத் திருத்த முயன்றது. பின்வந்த நூற்றாண்டில் தமிழ் அற இலக்கியம் பெரும்பாலும் இரண்டாம் வழியையே பின்பற்றியது. வாங்குபவனைக் கடிந்த அளவிற்கு, வாங்க இடந்தரும் ஏட்டையும் பதவியையும் நம் இலக்கியம் உற்றுநோக்கியதா என்பது தனியே ஆராயத்தக்கது.

விடுதலைக்குப் பின்: உரிமமும் இடமாற்றமும்

இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீடும் ஒப்பந்தங்களும் கையூட்டுக்குப் புதிய களங்களைத் திறந்தன. ஊழல் தடுப்புச் சட்டம் 1947இலேயே இயற்றப்பட்டது. பத்தாண்டு கழிந்து முந்திரா விவகாரம் வெடித்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஒரு தனியாரின் நிறுவனப் பங்குகளில் முறையின்றி முதலிடப்பட்டதைப் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். திறந்த விசாரணை விரைவில் முடிந்தது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

1962இல் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அமைத்த ஊழல் தடுப்புக் குழுவிற்கு மன்னார்குடியில் பிறந்த கே. சந்தானம் தலைவரானார். 1964இல் வெளிவந்த அதன் அறிக்கை காரணங்களை அமைப்பில் தேடிய முதற்பெரும் ஆவணம் எனலாம். அளவிறந்த விதிகள், அலுவலரின் விருப்புரிமை, நடைமுறைத் தாமதம், கோப்பை நகர்த்தத் தரப்படும் 'விரைவுப் பணம்' ஆகியவற்றை அது சுட்டியது. அக்குழுவின் பரிந்துரைப்படி மத்தியக் கண்காணிப்பு ஆணையம் அதே ஆண்டில் தோன்றியது. தாமதம் சோம்பலின் விளைவு மட்டுமன்று. அது விற்பனைக்குரிய சரக்கு என்பது இவ்வறிக்கையால் புலனாயிற்று.

ஆயினும் கண்காணிப்போரே அச்சந்தையில் பங்காளிகளாயின் என் செய்வது? தென்னிந்தியக் கால்வாய்ப் பாசனத்தை ஆய்ந்து இராபர்ட் வேட் 1982இல் வெளியிட்ட கட்டுரை இவ்வினாவை எழுப்பியது. பாசனப் பொறியாளர் உழவரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் பெற்ற பணம் அவரிடமே தங்கவில்லை. வளமான இடத்தில் பணியமர்வு பெறவும், அங்கிருந்து மாற்றப்படாதிருக்கவும் மேலே செலுத்தப்பட்டது. கால்வாயில் நீர் கீழ்நோக்கிப் பாய, பணம் மேல்நோக்கிப் பாய்ந்தது. நேர்மையான பொறியாளர் அவ்வமைப்பில் நீடிப்பது அரிதாயிற்று. ஊழலைத் தடுக்க அர்த்தசாத்திரம் வகுத்த இடமாற்றமே, கணக்கின்றிக் கையாளப்பட்டபோது ஊழலின் கருவியாக மாறியது. மருந்தே நோயான இந்நிலை, மேலிருந்து கீழ்நோக்கும் கண்காணிப்பின் எல்லையைக் காட்டுகிறது.

இராசத்தான்: கீழிறங்கிய கணக்கு

1990 மே 1ஆம் நாள் இராசத்தானத்தின் இராஜ்சமந்த் மாவட்டத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் தோன்றியது. இந்திய ஆட்சிப்பணியிலிருந்து 1975இல் விலகிய அருணா ராய் அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர். பஞ்ச நிவாரணப் பணிகளில் வேலைசெய்தோர்க்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. குறைவாக வேலைசெய்ததாக ஏட்டில் உள்ளது என்றனர் அலுவலர். அவ்வேட்டைக் காட்டுக என்றனர் தொழிலாளர். அரசாங்க ஆவணம் மறைவானது என்பதே விடையாயிற்று.

1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட்கிரானா ஊரில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. வருகைப்பதிவேட்டின் பெயர்கள் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டன. இவ்வாறு தொடர்ந்து நிகழ்ந்த விசாரணைகளில் இறந்தோர் பெயரிலும், வேலைக்கே வராதோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டமையும், கட்டப்படாதவை கட்டிமுடிந்ததாகக் காட்டப்பட்டமையும் வெளிப்பட்டன. தணிக்கையாளர் ஏட்டையும் ஏட்டையும் ஒப்பிடுவார். ஊரார் ஏட்டையும் ஊரையும் ஒப்பிட்டனர். இறந்தவர் வேலைக்கு வரவில்லை என்பதை அறிய ஊராருக்குப் பெரும் படிப்புத் தேவைப்படவில்லை.

'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்னும் முழக்கம் 1996இல் பேவார் நகரில் நாற்பது நாள் அறப்போராட்டமாக வளர்ந்தது. தமிழ்நாடு 1997இலும் இராசத்தான் 2000த்திலும் தகவல் உரிமைச் சட்டங்களை இயற்றின. நாடு தழுவிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. உத்தரமேரூரில் ஒத்த நிலையினரிடையே நின்ற கணக்கு, இங்குக் கூலித் தொழிலாளரிடம், சிறப்பாகப் பெண்களிடம் வந்துசேர்ந்தது.

வெளிப்படைமையின் எல்லைகள்

திறந்த ஏடு எல்லா நோய்க்கும் மருந்தாகாது. ஊழல் இருவகைப்படும். உரியதைத் தருவதற்கே பணம் பறிப்பது ஒருவகை. அங்குப் பாதிக்கப்பட்டவர் உண்டு. ஏடு கிடைத்தால் அவரே சாட்சியாவார். கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து பொதுச்சொத்தைப் பங்கிடுவது மற்றொரு வகை. அங்கு இழப்பு நாட்டினருக்கெல்லாம் சிறிது சிறிதாகப் பகிரப்படுவதால் முறையிட எவரும் முன்வருவதில்லை. அவ்விடத்தில் தன்னுரிமையுடைய புலனாய்வும் தண்டனையும் இன்றியமையாதவை. லோக்பால் சட்டம் 2013இல் இயற்றப்பட்டும் முதல் லோக்பால் 2019இல்தான் பதவியேற்றார் என்பது அவ்வழியில் உள்ள தயக்கத்தைக் காட்டுகிறது.

மேலும், திறந்த ஏடு மீண்டும் மூடப்படலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் வரையறுக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடம் அளித்தது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் குறித்த தகவல்களுக்கு இருந்த விலக்கை, பொதுநலன் கருதிய வரையறைகளை அப்பிரிவிலிருந்து நீக்கி விரிவாக்க வகைசெய்தது. தனிமனிதர் மறைவுரிமை காக்கப்பட வேண்டியதே. ஆனால் வருகைப்பதிவேடு என்பதே பெயர்களின் பட்டியல். பெயர் மறைந்தால் இறந்தவர் கூலி பெற்றதை ஊரார் எவ்வாறு கண்டறிவர்?

முடிவுரை

மேற்கண்ட ஐந்து கட்டங்களும் ஊழலின் வேர்கள் நான்கு எனக் காட்டுகின்றன. பதவி விலைக்கு வருதல், ஊதியத்திற்கும் அதிகாரத்திற்கும் இடையே பெரும் இடைவெளி இருத்தல், வரையறையற்ற விருப்புரிமை, மூடிய கணக்கு. இவற்றுள் இறுதியானதே ஆணிவேர். ஏனைய மூன்றையும் வளரவிட்டு மறைப்பது அதுவே.

தடுப்புமுறைகளும் இதற்கேற்ப அமைதல் வேண்டும். இடமாற்றங்கள் காரணத்துடன் எழுத்தில் பதியப்பட வேண்டும். ஆட்சிப்பணியாளர்க்கு உறுதியான பணிக்காலமும் எழுத்துவழி ஆணையும் வேண்டும் என உச்சநீதிமன்றம் 2013இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் தந்த தீர்ப்பு இவ்வகையில் வழிகாட்டுவது. சேவைகளுக்குக் காலவரையறை வகுத்து, தவறினால் அலுவலருக்குத் தண்டம் விதிக்கும் முறையை மத்தியப் பிரதேசம் 2010இல் சட்டமாக்கியது. தாமதத்தை விற்கமுடியாமற் செய்வது அதன் பயன். இவையனைத்தும் நிலைபெற, கணக்கு மேலே செல்வது போலவே கீழேயும் இறங்குதல் வேண்டும்.

அறக்கல்வி வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. நேர்மையுள்ளவர் எல்லாத் துறையிலும் இருக்கின்றனர். அவர்கள் இழப்பின்றி நேர்மையாயிருக்க இயலும் அமைப்பே இல்லாதிருக்கிறது. அரசனுக்குக் காட்டிய கணக்கு கருவூலத்தைக் காத்தது. அவைக்குக் காட்டிய கணக்கு அவையினரைக் காத்தது. இலண்டனுக்குக் காட்டிய கணக்கு பங்குதாரரைக் காத்தது. குடிகளைக் காக்கும் கணக்கு குடிகளுக்குக் காட்டப்படும் கணக்கு மட்டுமே.